விடுதலையைப் படிக்க எந்த வேதாகமம்: பழைய மொழிபெயர்ப்பா, திருவிவிலியமா?

கிறிஸ்தவ விடுதலை என்றால் என்ன என்று படிக்க உட்கார்ந்தால் முதலில் எடுக்க வேண்டியது பவுல் கலாத்தியருக்கு எழுதிய நிருபம், அதாவது கடிதம். ஆறே அதிகாரம், 149 வசனம். நிதானமாகச் சத்தம்போட்டு வாசித்தாலும் அரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். ஆனால் கையில் எந்தத் தமிழ் இருக்கிறது என்பதைப் பொறுத்து, அந்த அரை மணி நேரத்தில் காதில் விழும் செய்தியே மாறுகிறது. கடைகளில் அதிகம் விற்கும் இரண்டு பதிப்புகளை இந்த ஒரு தேவைக்காக மட்டும் இங்கே ஒப்பிடுகிறோம். ஒன்று, போவர் தலைமையிலான குழு 1871-இல் தந்த 'பரிசுத்த வேதாகமம்', ஓ.வி. (பழைய மொழிபெயர்ப்பு) என்றாலும் இதுதான். மற்றது, 1995-இல் வந்த பொது மொழிபெயர்ப்பான 'திருவிவிலியம்'.

முதலில் பழையதை எடுத்துக்கொள்வோம். இதில் புதிதாக வாசிப்பவர் நிச்சயம் விழும் பள்ளம் ஒன்று உண்டு. அது 'சுதந்தரம்' என்ற சொல். இன்றைய கண்ணுக்கு அது ஆகஸ்ட் 15. பழைய மொழிபெயர்ப்பிலோ அதற்குப் பொருள் பரம்பரைச் சொத்துரிமை. ஒரு காலத்தில் கிராமத் தொழிலாளிக்குக் களத்தில் அளந்துகொடுத்த நெல்லுக்கும் சுதந்திரம் என்றுதான் பெயர். அந்த வழக்கின் வாடை இது. கலாத்தியரில் விடுதலைக்கு அந்த மொழிபெயர்ப்பாளர்கள் வைத்த சொல் 'சுயாதீனம்'. கலாத்தியர் 4:1-ஐப் பாருங்கள்: சுதந்தரவாளியானவன் சிறுபிள்ளையாயிருக்குங்காலமளவும் அவனுக்கும் அடிமையானவனுக்கும் வித்தியாசமில்லை. 'சுதந்திரமாக இருப்பவனுக்கும் அடிமைக்கும் வித்தியாசமில்லை' என்று வாசித்தால் வசனம் உளறலாகிவிடும். 'வாரிசு' என்று வாசித்தால் பளிச்சென்று புரியும்: சொத்தெல்லாம் அவனுடையது, ஆனால் வயது வரும்வரை அவன் கையில் எதுவும் இல்லை. 4:30-இல் 'சுயாதீனமுள்ளவள்', 'சுதந்தரவாளி' இரண்டும் ஒரே வசனத்தில் வருகின்றன. அங்கே குழம்பாத ஆள் குறைவு.

ஒரு பென்சிலை எடுத்து, மூன்றாம் அதிகாரத்திலிருந்து சுதந்தரம், சுதந்தரன், சுதந்தரவாளி வரும் இடங்களில் எல்லாம் கட்டம் போடுங்கள், சுயாதீனத்துக்கு வட்டம். கட்டங்கள் மூன்று, நான்காம் அதிகாரங்களில் குவிந்திருக்கும். வட்டங்கள் நான்காம் அதிகாரத்தின் பின்பாதியில் பெருகி ஐந்துக்குள் போகும். பவுலின் வாதம் நகரும் வழியே அதுதான். நீ பிள்ளை, ஆகவே வாரிசு. வாரிசானவன் அடிமையாகத் திரும்பிப் போகலாமா? சொற்களைப் பிரித்து வைத்ததால் பழைய மொழிபெயர்ப்பில் இது கண்ணுக்கே தெரிகிறது. அது பெரிய பலம்.

திருவிவிலியம் இங்கே சறுக்குகிறது என்பதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். அதில் வாரிசுச் சொத்து 'உரிமைப்பேறு', ஆபிரகாமின் மனைவி சாராள் 'உரிமைப் பெண்', 5:13-இல் விடுதலை 'உரிமை வாழ்வு'. எல்லாம் உரிமைதான்! நல்ல தமிழ், ஆனால் வாரிசுக்கும் விடுதலைக்கும் மூலத்தில் தனித்தனியாக இருக்கும் இரண்டு கிரேக்கச் சொற்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. போதாததற்கு, உரிமை என்றதும் இன்றைய வாசகர் மனம் சட்டத்துக்கும் போராட்டத்துக்கும் ஓடிவிடும்.

அதே 5:13-இன் பின்பாதியில் திருவிவிலியம் முந்திவிடுகிறது. 'அன்பினாலே ஒருவருக்கொருவர் ஊழியஞ்செய்யுங்கள்' என்கிறது பழையது. ஊழியம் என்றால் நம் சபைகளில் மைக், மேடை, சுவிசேஷக் கூட்டம். மூலத்தில் இருக்கும் வினையோ அடிமை என்ற சொல்லிலிருந்து பிறந்தது. திருவிவிலியம் 'அன்பின் அடிமைகளாய்' என்று அதைத் துணிந்து எழுதியிருக்கிறது. அடிமை நுகம் வேண்டாம் என்று 5:1-இல் சொன்னவர், பன்னிரண்டு வசனம் தள்ளி, அடிமையாகு என்கிறார். இந்த முரண் காதில் உறைக்காவிட்டால் கிறிஸ்தவ விடுதலை 'என் இஷ்டம்' என்பதாகச் சுருங்கிவிடும். 'சுயாதீனம்' என்ற சொல்லே, தன் ஆதீனம், அந்தப் பக்கம்தான் சாய்கிறது. ரோமர் 6:18-ஐப் பக்கத்தில் வைத்துப் படித்தால் சரியாகும்: பாவத்தினின்று விடுதலை, உடனே நீதிக்கு அடிமை. ஆள் அப்படியேதான், எஜமான் மாறுகிறார்.

ரோமர் 8:1-க்கு வரும்போது இரண்டு புத்தகமும் மேசையில் இருக்கட்டும். பழையதில் 'மாம்சத்தின்படி நடவாமல் ஆவியின்படியே நடக்கிறவர்களுக்கு' ஆக்கினைத்தீர்ப்பில்லை என்று ஒரு நிபந்தனை தொங்கும். திருவிவிலியத்தில் அது கிடையாது. பழமையான கையெழுத்துப் படிகளில் அந்தத் துண்டு இல்லை. நான்காம் வசனத்திலிருந்து மேலே ஏறிவந்தது என்பதே பெரும்பாலான அறிஞர்கள் முடிவு. தீர்ப்பு நீங்கியது நடத்தைக்குக் கிடைத்த கூலியா, நடத்தைக்கு முன்பே கிடைத்ததா என்று குழுவில் வாக்குவாதம் வந்தால் பெரும்பாலும் இந்த ஒரு வரியால்தான் வரும்.

ஒத்தவாக்கியப் புத்தகம் (ஒரு சொல் எந்தெந்த வசனத்தில் வருகிறது என்று காட்டும் அகராதி) வைத்திருப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. 'விடுதலை' என்று தேடி, கிடைத்ததையெல்லாம் ஒரே பொருளாகக் கட்டிவிடாதீர்கள். பழைய மொழிபெயர்ப்பில் லூக்கா 4:18-இன் விடுதலை கிரேக்கத்தில் 'அஃபெசிஸ்'. பாவ மன்னிப்புக்கும் அதே சொல்தான். 2 கொரிந்தியர் 3:17-இல் இருப்பது 'எலியுதெரியா', கலாத்தியரில் சுயாதீனம் என்று வருவதும் அதுவே. எபிரெயர் 11:35-இல் இருப்பது மீட்புக்கான சொல்.

வாங்கும்போது: திருவிவிலியத்தில் நூல் முன்னுரையும் பகுதித் தலைப்புகளும் இருக்கின்றன, ஆரம்ப வாசகருக்கு உதவும். பழையதில் ஓர வசனக் குறிப்புகள் உள்ள பதிப்பைக் கேட்டு வாங்குங்கள். வெறும் பதிப்பு படிப்புக்குப் பத்தாது. இரண்டிலும் தாள் மெல்லிசு. ஜெல் பேனா மறுபக்கம் தெரியும், ஹைலைட்டர் ஊறும். ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் மனப்பாடத்துக்குப் பழையது, கலந்துரையாடலுக்குத் திருவிவிலியம். இரண்டு பேர் சேர்ந்து படிப்பதானால் ஆளுக்கொன்றாக மாற்றி வாங்குங்கள், 5:13-ஐ மாறி மாறி வாசிக்கலாம்.