குடும்பப் பயண மருந்துப் பை: ஒரு மதிப்புரை

விடுமுறைக் காலம் நெருங்கினால் போதும், மருந்துக் கடைகளிலும் இணையக் கடைகளிலும் பயணத்துக்கான ஆயத்த மருந்துப் பைகள் வரிசைகட்டத் தொடங்கிவிடுகின்றன. அவற்றுள் ஒன்றை வாங்கி, நெடும்பயணத்திலும், அதன்பின் உறவினர்கள் ஒரே வீட்டில் தங்கியிருந்த நாட்களிலும் பயன்படுத்தியபின் இதை எழுதுகிறேன். தையலிலும் ஜிப்பிலும் குறையில்லை. உள்ளே என்ன வைக்க வேண்டும் என்பதில் நல்ல தெளிவு தெரிகிறது. வைத்ததை எப்படிப் பயன்படுத்துவது என்பதில்தான் அந்தத் தெளிவு காணாமல் போகிறது.

இதற்குச் சரியான எடுத்துக்காட்டு ஓ.ஆர்.எஸ். பொட்டலங்கள். இடம்மாறிய தண்ணீரும் நேரந்தவறிய விருந்துகளும் வயிற்றைக் கெடுக்கும்போது, குறிப்பாகக் குழந்தைகளுக்கும் முதியவர்களுக்கும், முதலில் கைகொடுப்பது இந்த உப்புச் சர்க்கரைக் கரைசல்தான் என்பதால், இதைச் சேர்த்ததற்கு நிறுவனத்தைப் பாராட்டலாம். ஆனால், கொடுத்திருப்பவை 20.5 கிராம் எடையுள்ள பெரிய பொட்டலங்கள். அதாவது ஒவ்வொன்றையும் சரியாக 1 லிட்டர் குடிநீரில் கரைக்க வேண்டும். அளப்பதற்கு உள்ளே இருப்பதோ 10 மி.லி. கொள்ளும் மருந்து மூடி! பயணத்தில் கையில் இருக்கும் பாட்டில் 750 மி.லி. ஆகவும் இருக்கலாம், அரை லிட்டராகவும் இருக்கலாம். தண்ணீர் குறைந்தால் கரைசலில் உப்பு மிகுந்து குழந்தைக்குக் கேடாகிவிடும். கூடினால் கரைசலின் பலன் குறையும். பாதிப் பொட்டலத்தைக் குத்துமதிப்பாகக் கொட்டுவதும் தீர்வாகாது. கரைத்ததை 24 மணி நேரத்துக்குள் குடித்துவிட வேண்டும், மீதியைக் கொட்டிவிட வேண்டும் என்பதால், 200 மி.லி. தண்ணீருக்கான சிறு பொட்டலங்களே பயணத்துக்குப் பொருந்தும். அவை சந்தையில் கிடைக்காதவையும் அல்ல.

சானிடைசர் 60 மி.லி. குப்பியில் வருகிறது. திரவங்களுக்கான 100 மி.லி. வரம்புக்குள் அடங்குவதால் விமானத்தில் கைப்பையிலேயே கொண்டுபோகலாம். ஆல்கஹால் 70 விழுக்காடு என்று அச்சிட்டிருக்கிறார்கள்; குறைந்தது 60 தேவை என்பதால் அதுவும் சரியே. எனினும், ‘எல்லாக் கிருமிகளுக்கும்’ என்ற விளம்பர வரியை ஏற்பதற்கில்லை. கூட்டம் கூடும் இடங்களில் வாந்தியையும் வயிற்றுப்போக்கையும் பரப்பும் நோரோ வைரஸிடம் ஆல்கஹாலின் வேலை அவ்வளவாக எடுபடாது. சோப்புப் போட்டு 20 நொடியாவது கைகழுவுவதே அதற்கு வழி. ஒரு சிறு டப்பி பேப்பர் சோப் வைத்திருந்தால் பையின் எடை கூடியிருக்காது, பயன் கூடியிருக்கும்.

முகக்கவசங்கள் சாதாரண மூன்றடுக்கு வகை. விமானம் பறக்கும்போது காற்று வடிகட்டப்படுவதால், வரிசையில் நெருக்கியடித்து நிற்கும் நேரமும் இருமிக்கொண்டே வரும் பக்கத்து இருக்கைக்காரருமே பெரிய கவலை. அங்கே முகத்தோடு படியும் என்95 இருந்தால் நல்லது. தெர்மாமீட்டர் துல்லியமாகவே காட்டுகிறது. காலையில் ஒரு பிள்ளைக்கு 38.4 டிகிரி செல்சியஸ் காட்டியதும், அன்றைய கூட்டத்துக்கு அவனை அழைத்துப்போகாமல் இருக்க முடிந்தது. என்னைக் கேட்டால், பையில் மிக உருப்படியான பொருள் இதுதான்.

மாத்திரைகளைப் பற்றிச் சற்றுக் கடுமையாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. அட்டையை இடத்துக்கேற்றபடி வெட்டியதில், பாராசிட்டமாலின் காலாவதித் தேதி இருந்த ஓரம் போய்விட்டது. உடன் வைத்திருக்கும் சளி மாத்திரையிலும் பாராசிட்டமால் கலந்திருக்கிறது. இரண்டையும் சேர்த்து விழுங்கினால், பெரியவர்களுக்கு நாளொன்றுக்கான உச்ச வரம்பாகிய 4 கிராமைத் தெரியாமலேயே தாண்டக்கூடும் என்ற எச்சரிக்கை எங்கும் இல்லை. வயிற்றுப்போக்கை நிறுத்தும் லோபரமைடும் இருக்கிறது. மலத்தில் ரத்தமோ கடுங்காய்ச்சலோ இருந்தால் அதைத் தொடக்கூடாது என்பது கையேட்டின் கடைசிப் பக்கத்தில் பூதக்கண்ணாடிக்கு மட்டும் தெரியும் எழுத்தில் இருக்கிறது. நள்ளிரவில் வயிற்றைப் பிடித்துக்கொண்டிருப்பவர் கடைசிப் பக்கம் வரை படிப்பாரா?

அன்றாடம் உட்கொள்ளும் சர்க்கரை, ரத்த அழுத்த மருந்துகளுக்கென்று ஓர் அறையைக் காலியாக விட்டிருப்பது நல்ல யோசனை. பயணம் தாமதமானால் உதவும்படி சில நாட்களுக்கான மருந்தை அதில் கூடுதலாக வைத்து, பையைச் சரக்குப் பெட்டியில் போடாமல் கையோடு வைத்துக்கொள்ளலாம்.

ஃப்ளூ தடுப்பூசி போட்டுக்கொண்டபின் உடலில் எதிர்ப்பாற்றல் உருவாக ஏறத்தாழ 2 வாரம் ஆகும் என்ற நல்ல குறிப்பும் கையேட்டில் இருக்கிறது. ஆனால், கையேடு இருப்பது முத்திரையிட்ட பைக்குள். புறப்படும் நாளில்தான் பலரும் அதைப் பிரிப்பார்கள். அடுத்த பதிப்பில் அந்த ஒரு வரியை வெளி அட்டையில் அச்சிட்டு, ஓ.ஆர்.எஸ். பொட்டலங்களையும் மாற்றினால் தயங்காமல் வாங்கலாம். இப்போதைய நிலையில், மாத்திரைகளை எடுத்துவிட்டு முழு அட்டைகளாக வேறு வாங்கி வைத்துக்கொள்ளத் தயாராக இருப்பவர்களுக்கே இதைப் பரிந்துரைப்பேன்.