கூரையில கை வைக்கிறதுக்கு முன்னாடி பின்கண்ணாடியை முடிவு பண்ணுங்க

அலங்காநல்லூர் பக்கத்துல இருந்து ஒரு அண்ணே பழைய அம்பாசடரைக் கட்டி இழுத்துட்டு வந்தாரு, கூரையை மூணு இன்ச் இறக்கணும்னாரு. பில்லரை (கூரையைத் தாங்குற தூணை) எங்கிட்டு வெட்டுவீங்க, வெல்டிங் தாங்குமா, பட்டி எத்தனை கிலோ போகும்னு அரை மணி நேரம் கேட்டாரு, பின்கண்ணாடியைப் பத்தி மட்டும் ஒரு வார்த்தை இல்ல. நானா கேட்டதுக்கு, "அதை அளவுக்கு அறுத்துக்கலாம்ல தம்பி"ன்னாரு. கூரை இறக்குற ஆசையில வர்ற முக்காவாசிப் பேரு இந்த இடத்துல தான் மாட்டிக்கிறாங்க, அதனால தான் இதை எழுதுறேன்.

நான் பழங்காநத்தத்துல ஒரு பட்டறையில வேலை பழகுன காலத்துல இதைக் கண்ணால பாத்துருக்கேன். ஒரு பழைய கார் பின்கண்ணாடி ஓரத்துல அரை இன்ச் எடுக்கணும்னு கிரைண்டர்ல பைய வச்சாங்க, வச்ச நொடியில டப்புனு ஒரே சத்தம், மேசை பூரா கல்கண்டு கொட்டுன மாதிரி. ஒரு துண்டு கூட உள்ளங்கை அளவுக்கு மிஞ்சல. அந்தக் கண்ணாடிக்கு வேற தேடி ரெண்டு மாசம் அலைஞ்சோம்.

காரணம் இது தான். பின்னாடியும் சைடுலயும் வர்றது பெரும்பாலும் டஃபண்ட் கிளாஸ். கண்ணாடியை முதல்லயே அளவுக்கு வெட்டி, வளைச்சு, 600 டிகிரிக்கு மேல சூடாக்கி, ரெண்டு பக்கமும் காத்தடிச்சு வெரசா குளிர வைப்பாங்க. மேல் தோல் முதல்ல இறுகிரும், உள்பக்கம் அப்புறமா ஆறிச் சுருங்கப் பாக்கும், அதனால மேல்பக்கம் அமுங்குன நிலையிலயும் உள்பக்கம் இழுபட்ட நிலையிலயும் ஒண்ணை ஒண்ணு பிடிச்சுட்டு நிக்கும். எங்கயாச்சும் ஒரு கீறல் அந்தத் தோலைத் தாண்டி உள்ள போச்சுன்னா அத்தனையும் ஒரே நேரத்துல அவுந்துரும். எவ்வளவு பெரிய கைகாரனா இருந்தாலும் இதை அறுக்க முடியாது, அதுக்காகப் பணம் வாங்குறவன்கிட்ட கொடுக்காதீங்க.

எந்த வகைக் கண்ணாடின்னு கண்டுபிடிக்கிறதும் லேசு தான். கண்ணாடி மூலையில வகையைச் சொல்ற முத்திரை இருக்கும், அது அழிஞ்சு போயிருந்தா ஓரத்தை நகத்தால தடவிப் பாருங்க, ரெண்டு கண்ணாடிக்கு நடுவுல ஒரு கோடு தெரிஞ்சா லேமினேட்டட், அதாவது நடுவுல பிளாஸ்டிக் வச்சு ஒட்டுன ரெண்டு கண்ணாடி. போலரைஸ்டு கூலிங்கிளாஸ் போட்டு, வானம் கண்ணாடியில பட்டுத் தெரியுற மாதிரி பாத்தா டஃபண்ட்ல புள்ளி புள்ளியா நிழல் தட்டும்.

சரி, அப்ப என்ன தான் வழி? நான் முதல்ல சொல்றது பழைய கண்ணாடியை வெட்டாம முன்பக்கமா சாய்ச்சு வைக்கிறது. அமெரிக்காவுல 1949-ல இருந்து 51 வரைக்கும் வந்த மெர்குரி காரை இறக்குறவங்க ரொம்பப் பேரு இப்படித்தான் பண்ணிருக்காங்க, அந்தக் கார் பின்பக்கம் அப்படி வழுக்கிட்டு இறங்குற அழகே இதனால வர்றது. கணக்குப் போட்டுப் பாருங்க. கண்ணாடி உயரம் 16 இன்ச், தரைக்கு 60 டிகிரி சாய்வுல நிக்குதுன்னு வைங்க, நேர் உயரம் 14 இன்ச்சுக்குக் கொஞ்சம் கம்மி. மூணு இன்ச் இறக்கணும்னா கண்ணாடி 43 டிகிரி வரைக்கும் படுக்கணும், மேல் ஓரம் மூணே முக்கால் இன்ச் முன்னாடி போகும். ரெண்டு இன்ச் மட்டும் இறக்குனா ரெண்டே முக்கால் இன்ச் போதும். இதுல ஒரு நல்ல விசயம் இருக்கு, முன் பில்லரும் சாய்வா தான இருக்கு, அதுவும் 60 டிகிரின்னா மூணு இன்ச் இறக்கும்போது கூரை பொருந்துற இடம் ஒண்ணே முக்கால் இன்ச் முன்னாடி தள்ளிப் போகும், கூரையை மொத்தமா முன்னாடி நகத்தித்தான் ஒட்டணும், அப்ப பின்னாடி தானா இடம் விழுகும். ஆக கூரைத் தகட்டுல பின்பக்கம் ரெண்டு இன்ச் எடுத்தா கணக்கு சரியாயிரும். உங்க கார்ல சாய்வு வேறயா இருக்கும், அளந்து போடுங்க, ஆனா கணக்கு இதே வழி தான்.

வில்லங்கம் எங்கன்னா ரெண்டு ஓரமும். அம்பாசடர் பின்கண்ணாடி ஓரத்துல வளைஞ்சு வரும், படுக்க வச்சதும் அந்த வளைவு பழைய பில்லரோட ஒட்டாது, ஃபிரேமைச் சுத்தி உதடு (கண்ணாடி ரப்பர் உக்காருற தகட்டு விளிம்பு) பூராவும் புதுசா அடிக்கணும், அதுல தான் நாள் போகும். இன்னொண்ணு நம்ம ஊர் வெயிலு. சித்திரை மாசத்துல 40 டிகிரி அடிக்கும்போது உச்சி வெயில் படுத்த கண்ணாடி வழியா நேரா பின்சீட்டுல இறங்கும். அதோட உள்ள இருந்து பாக்கும்போது பின்னாடி வர்ற வண்டி கொஞ்சம் அமுங்குன மாதிரி தெரியும். இதெல்லாம் தெரிஞ்சும் நான் இதைத்தான் சொல்லுவேன், ஏன்னா கண்ணாடி கம்பெனிக் கண்ணாடி, பலம் குறையல.

சாய்க்காம அப்படியே நேரா கீழ இறக்கலாமேன்னு கேப்பாங்க, கண்ணாடியையும் சுத்தியுள்ள ஃபிரேமையும் ஒரே துண்டா எடுத்து மூணு இன்ச் பாடிக்குள்ள புதைக்கிறது. பார்வை கெடாது, ஓரத்து வளைவும் கெடாது. ஆனா கண்ணாடிக்குக் கீழயே டிக்கி மூடியோட கீல் இருக்கு, அந்தத் தகட்டையும் கீலையும் மாத்தணும், மாத்துனப்புறம் அங்க ஒரு பள்ளம் விழும், மழைத்தண்ணி அதுல நிக்கும், தண்ணி போக ஓட்டை சரியா விடலன்னா ரெண்டு மழைக்காலத்துல துரு கிளம்பிரும். டிக்கி தள்ளி இருக்குற கார்னா யோசிக்கலாம், அம்பாசடருக்கு வேணாம்.

லேமினேட்டட் கதை வேற. 1932 ஃபோர்டு மாதிரி சின்னதா தட்டையா பின்கண்ணாடி வர்ற கார்னா பேச்சே இல்ல, அட்டையில அளவு எடுத்துக் கொடுத்தா கண்ணாடிக் கடையிலயே தட்டை லேமினேட்டட் வெட்டித் தருவாங்க. ரெண்டு பக்கமும் ஒரே கோட்டுல கீறி, தட்டி விரிசலை ஓட விட்டு, கோட்டுல ஸ்பிரிட் விட்டுப் பத்த வச்சு நடுவுல இருக்குற பிளாஸ்டிக் இளகுனதும் பிளேடால அறுப்பாங்க. வளைஞ்ச பின்கண்ணாடிக்கும் ஒரு வழி உண்டு, வேற ஏதாச்சும் கார் முன்கண்ணாடி அதே வளைவுல கிடைச்சா அது பெரும்பாலும் லேமினேட்டடா இருக்கும், அதைக் குறைச்சுக்கலாம். சொல்றது சுலபம், அந்த வளைவு தேடி உடைசல் கடை உடைசல் கடையா அட்டையைத் தூக்கிட்டு அலையணும், வளைஞ்சதை வெட்டும்போது ஒரு பக்க விரிசல் அங்கிட்டு ஓடிருச்சுன்னா போச்சு, ரெண்டு மூணு கண்ணாடி கையில வச்சுக்கிட்டு தான் இறங்கணும். வெட்டுன ஓரத்துல தண்ணி ஏறுனா பால் மாதிரி வெளுத்துக்கிட்டே உள்ள வரும். வினிகர் மாதிரி புளிச்ச வாடை அடிக்கிற சிலிக்கான் இருக்குல்ல, அதை அந்த ஓரத்துல போடாதீங்க, நடு பிளாஸ்டிக்கையும் கெடுக்கும், வெறும் தகட்டையும் துருவாக்கும்.

பாலிகார்பனேட் ஷீட்டைப் பத்தி தான் நிறையப் பேரு கேக்குறாங்க, எடை கண்ணாடியில பாதி, சுத்தியல்ல அடிச்சாலும் உடையாது, ஜிக்சால வீட்டுலயே வெட்டிக்கலாம். எனக்கு இது மேல பெருசா மனசு இல்ல. வெயில்ல கண்ணாடி விரியுறதை விட ஏழு மடங்கு விரியும், ஒரு மீட்டர் அகலத்துக்கு 40 டிகிரி ஏறி இறங்குனா ரெண்டரை மிமீக்கு மேல, கண்ணாடி அரை மிமீ கூட விரியாது. அந்த இடம் விடாம இறுக்கி மாட்டுனா மத்தியானம் நடுவுல உப்பிக்கிட்டு நிக்கும். புழுதியைக் காஞ்ச துணியால ஒரு தடவை துடைச்சா போதும் கீறல் விழுந்துரும், பெயிண்ட் அடிக்கிறப்ப தின்னர் பட்டா முடி மாதிரி வெடிக்கும், யூவி கோட்டிங் இல்லாத ஷீட்னா மஞ்சளாயிரும். அக்ரிலிக் இன்னும் மோசம், அடிபட்டா கூரான துண்டா உடையும். தற்காலிகமா வச்சுப் பாக்க, அளவு பிடிக்க, இதெல்லாம் அருமையான சாமான், நிரந்தரத்துக்கு இல்ல.

புதுசா அச்சு செஞ்சு, வளைச்சு, டஃபண்ட் பண்ணி வாங்குறது தான் எல்லாத்துலயும் சுத்தமான வேலை. ஒரே ஒரு கண்ணாடிக்கு அச்சுச் செலவு பூராவும் உங்க தலையில விழும், காசு இருந்தா பண்ணுங்க.

ரோட்டு விசயத்தையும் சூதானமா கேட்டுக்கங்க. 1988 மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவுப்படி கம்பெனி கொடுத்த விவரத்துக்கு மாறா வண்டியை மாத்தக் கூடாது, 2019-ல உச்ச நீதிமன்றமும் இதை உறுதியாச் சொல்லிருச்சு. 1989 விதிகள்ல 100-வது விதி கண்ணாடி பாதுகாப்புக் கண்ணாடியா, இல்லன்னா அதுக்கு ஈடா அனுமதிச்ச பொருளா இருக்கணும், பின்கண்ணாடி வழியா 70 சதவீத வெளிச்சம் போகணும்னு சொல்லுது. அந்த அண்ணே வண்டி அவரு தோப்புக்குள்ளயும் கண்காட்சிக்கும் தான், கண்காட்சிக்கும் லாரியில ஏத்தித்தான் போகும். இதை முதல்லயே பேசிட்டு தான் கை வச்சேன்.

அவருக்குச் சாய்க்கிற வழி தான் பண்ணோம், மூணு இன்ச்சைப் பேசிப் பேசி ரெண்டரைக்குக் கொண்டு வந்தேன். பழைய கண்ணாடியைக் கழட்டி மெத்தையில சுத்திப் பரண்ல வச்சுட்டு, அதே வளைவுல மெல்லிசு பிளைவுட்ல ஒரு டம்மி செஞ்சோம். கூரையை டேக் வெல்டுல (அங்கங்க புள்ளியா வைக்கிற வெல்டு) மட்டும் நிறுத்தி, டம்மியை வச்சு வச்சு உதட்டை அடிச்சோம், ஓரத்துக்கு மட்டும் ஒன்பது நாள். ஃபுல் வெல்டு அதுக்கப்புறம் தான்.

மாட்டுற அன்னிக்கு புது பீடிங் ரப்பரைக் கண்ணாடியில சுத்தி, வெளிப்பள்ளத்துல நைலான் கயிறை ஓட்டி, சோப்புத்தண்ணி தடவி, நான் வெளிய இருந்து உள்ளங்கையால அமுக்க, உள்ள உக்காந்து பையன் கயிறை இன்ச் இன்ச்சா இழுத்தான். ரப்பர் உதடு ஒவ்வொரு இடமா தகட்டு மேல ஏறி உக்காந்துச்சு, ஒரு மூலையில மட்டும் ஏற மாட்டேன்னு அடம், உதட்டை அரை மிமீ தட்டிட்டுத் திரும்ப இழுத்தோம். சாயங்காலம் டிக்கிக்குள்ள நியூஸ்பேப்பர் விரிச்சுட்டு ஓஸ் பைப்புல அரை மணி நேரம் தண்ணி அடிச்சோம். காலையில அந்த அண்ணே தான் டிக்கியைத் தொறந்தாரு, பேப்பரை எடுத்துத் தடவிப் பாத்தாரு, காஞ்சே இருந்துச்சு.