கீரைப் பாத்தியும் தெருப் பூனையும்: எந்த வழி தாக்குப்பிடிக்கும்?

கீரை விதைக்க மண்ணைக் கொத்தி, கட்டி உடைத்து, பொடிப்பொடியாகப் பரப்பி வைத்தால் அன்று ராத்திரியே பூனை வந்து குழி பறித்துவிட்டுப் போகும். மலேசியாவில், பேரா மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில், தோட்டத்து லயத்தை (தொழிலாளர் வரிசை வீடுகளை) விட்டு தாமான் என்ற குடியிருப்புப் பேட்டை வீட்டுக்கு வந்த குடும்பங்களில் இந்தப் புகார் இல்லாத வீடு குறைவு. லயத்தில் சுற்றிலும் மண். பூனை எங்கேயோ போய்க்கொண்டது, யாரும் கவனிக்கவில்லை. தாமான் வீட்டிலோ முன்னால் சிமெண்ட்டும் காரும், பின்னால் சாக்கடை ஓரம் ஒரே ஒரு துண்டு மண். தெருவில் இருக்கும் அத்தனை பூனைக்கும் தோண்டக் கிடைப்பது அதுதான்.

இதற்கு ஆளுக்கொரு வைத்தியம் சொல்வார்கள். எல்லாவற்றையும் இரண்டாகப் பிரிக்கலாம்: பூனையின் மூக்கை விரட்டும் வழிகள், பூனையின் காலை மறிக்கும் வழிகள். என் கட்சி இரண்டாவது. ஏன் என்று சொல்வதற்கு முன்னால், இதற்கு இவ்வளவு மெனக்கெட வேண்டுமா என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை.

பூனை மலத்தில் டோக்சோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணி வரலாம். எல்லாப் பூனையிடமும் எந்நேரமும் இருக்காது. பெரும்பாலும் முதல் முறை தொற்று கண்ட பூனைதான், அதுவும் சில வாரங்களுக்கு மட்டும், அதை வெளியேற்றும். ஆனால் மண்ணில் ஈரம் இருந்தால் அது ஒரு வருஷத்துக்கு மேலேயும் கிடக்கும். பிள்ளைத்தாய்ச்சிக்கு முதல் முறையாகத் தொற்றினால் வயிற்றுப் பிள்ளையைப் பாதிக்கும். முளைக்கீரையைக் கடைந்து சாப்பிட்டால் அடுப்புச் சூட்டில் அது செத்துவிடும். வல்லாரை அப்படியில்லை. நாம் பச்சையாகத் துவையல் அரைக்கிறோம், மலாய்க்காரர் வீட்டில் உலாம் என்று பச்சையாகவே சோற்றோடு சாப்பிடுகிறார்கள். அப்புறம் கொக்கிப்புழு இருக்கிறது. நாய், பூனை மலம் கலந்த ஈர மண்ணில் செருப்பில்லாமல் நடந்தால் அதன் குட்டிப்புழு தோலுக்குள் ஏறி, கோடு கோடாக அரிக்கும். குழந்தைகள் விளையாடும் இடம் என்றால் இதை விட்டுவைக்க முடியாது.

இதில் ஒரு நல்ல சேதியும் உண்டு. டோக்சோபிளாஸ்மா மலம் விழுந்த உடனே தொற்றாது, பக்குவப்பட 1 முதல் 5 நாள் வரை எடுக்கும். ஆகவே எந்த வழியைப் பிடித்தாலும், தினமும் காலையில் கையுறை போட்டு, சுற்றியுள்ள மண்ணோடு அள்ளிக் கட்டிக் குப்பையில் போட்டுவிடுவது முதல் வேலை. கர்ப்பமாக இருப்பவர்கள் இந்த வேலையை வேறு யாரிடமாவது விட்டுவிட வேண்டும். உரக்குழியில் போடவே கூடாது. வீட்டு உரக்குழியின் சூடு இதைக் கொல்லப் போதாது.

சரி, மூக்கு வைத்தியம். ஆரஞ்சுத் தோல், எலுமிச்சைத் தோல், தம்புன் பம்பளிமாஸ் சீசனில் அதன் தடித்த தோல் என்று பாத்தியில் போடுவார்கள். பூனைக்கு அந்த வாசனை பிடிக்காது என்பது உண்மைதான். ஆனால் பேராவில் சாயங்கால மழை ஒன்று வந்தால் போதும், வாசனை போய்விடும், ஊறிய தோல்தான் மிஞ்சும். அதில் பழ ஈ மொய்க்கும். தினம் புதிதாகப் போட முடிகிறவர்கள் தாராளமாகப் போடலாம், கெடுதல் இல்லை. மிளகாய்த் தூளும் மிளகுத் தூளும் மழையில் கரைவது ஒரு பக்கம் இருக்க, பூனை மிதித்த காலை நக்கி, கண்ணையும் தேய்த்துக்கொண்டு துடிக்கும். ஒரு ஜீவனை அப்படி வதைத்துக் கீரை வளர்க்க எனக்கு மனசு வராது. காப்பித்தூள் சக்கையைப் பலரும் நல்லது என்று போடுகிறார்கள். அதில் மிச்சமிருக்கும் கஃபீன் பூனைக்கும் நாய்க்கும் விஷம்.

இந்த வரிசையில் நான் கையெடுத்துக் கும்பிட்டு வேண்டாம் என்று சொல்வது பாச்சை உருண்டையை. அந்த உருண்டைகள் பலவற்றில் இருப்பது நாப்தலீன். பூனை அதை நக்கினால் ரத்தமும் ஈரலும் கெடும். மனிதருக்கும் ஆபத்து உண்டு. ஜி6பிடி குறைபாடு என்று ஒன்று இருக்கிறது, மலேசியாவில் பிறந்த குழந்தைக்கு ஆஸ்பத்திரியிலேயே அதற்குச் சோதனை செய்வார்கள். அந்தக் குறைபாடு உள்ள பிள்ளைக்கு நாப்தலீன் பட்டால் ரத்தச் சிவப்பணுக்கள் உடைந்து மஞ்சள் காமாலை வரும். மிட்டாய் மாதிரி வெள்ளையாக இருக்கும் உருண்டையைப் பிள்ளைகள் தவழும் வாசலில் தூவுவது பூனைத் தொல்லையைவிடப் பெரிய தொல்லை.

விஷம் வைப்பதைப் பற்றி ஒப்பிட ஒன்றுமில்லை. அது குற்றம். 2015-ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டப்படி கொடுமைக்கு 20,000 முதல் 100,000 வெள்ளி (ரிங்கிட்) வரை அபராதம், மூன்று வருஷம் வரை சிறை, அல்லது இரண்டும்.

வாசலில் தண்ணீர் நிரப்பிய பிளாஸ்டிக் போத்தல்களை வரிசையாக நிறுத்தும் பழக்கம் நம் ஊரில் எல்லா இனத்தாரிடமும் உண்டு. சிலர் நீலமோ சிவப்போ கலந்து வைப்பார்கள். அந்த மினுமினுப்பில் புதுப் பூனை ஒரு நாள் தயங்கலாம். பழகிய பூனை போத்தலின் மேலேயே முதுகைத் தேய்த்துவிட்டுப் போகும். மூடி இல்லாத போத்தலில் கொசு முட்டையிடும், டிங்கிக் கொசுவைச் சோதிக்கும் அதிகாரிகள் வந்தால் சம்மன்தான்.

கருவிகளில் இரண்டு கிடைக்கின்றன. ஒன்று, பூனை நடமாட்டம் கண்டால் மனிதக் காதுக்கு எட்டாத உச்சத்தில் கத்தும் அல்ட்ராசோனிக் பெட்டி. இதை 2006-இல் வெளியான ஒரு பிரிட்டிஷ் ஆய்வில் வீட்டுத் தோட்டங்களில் வைத்துச் சோதித்தார்கள். இரண்டு சோதனையில் ஒன்றில் பூனை நுழையும் வாய்ப்பு ஏறக்குறைய 32 விழுக்காடு குறைந்தது, மற்றொன்றில் அப்படிக் குறையவில்லை. இரண்டிலுமே வந்த பூனைகள் தங்கும் நேரம் குறைந்தது. ஆக, கொஞ்சம் உதவும், முழுசாக நிறுத்தாது. நம் மழைக்கும் வெயிலுக்கும் அந்தப் பெட்டி எத்தனை நாள் தாங்கும் என்பதையும் பார்த்துத்தான் காசு போட வேண்டும். மற்றொன்று, அசைவு கண்டதும் தண்ணீர் பீய்ச்சும் குழாய். பூனை நிச்சயம் ஓடும். தண்ணீர் அழுத்தம் நன்றாக இருந்து, பாத்தி பெரிதாகவும் இருந்தால் இதை வாங்கலாம். டெரஸ் வீட்டுப் பின்புறத்தில் காயப்போட்ட துணியும் சேர்ந்து நனையும்.

இனி காலை மறிக்கும் வழிகள். பூனை மலம் கழிக்கும் முன் முன்னங்காலால் மண்ணை வாரி இழுக்கும், முடிந்ததும் மூடும். வார முடியாத இடத்தில் அது உட்காராது. இது பழக்கமல்ல, பிறவிக் குணம். அதனால்தான் மழையிலும் வெயிலிலும் இந்த வழி ஒரே மாதிரி வேலை செய்கிறது.

எல்லாவற்றிலும் உறுதியானது கோழிக் கம்பி வலை. ஹார்ட்வேர் கடையில் மீட்டர் கணக்கில் வெட்டித் தருவார்கள். விதை தூவியதும் வலையைப் பாத்தி மேல் தட்டையாகப் படுக்க வையுங்கள். ஓரங்களைக் கீழ்நோக்கி மடித்து மண்ணுக்குள் செருகி, கம்பித் துண்டை வளைத்து ஊசி மாதிரி குத்தி இறுக்குங்கள். மேலே அரை அங்குலம் மண் தூவினால் கண்ணுக்கும் தெரியாது, கீரை வலைக் கண்களுக்குள் நுழைந்து வளரும். ஒன்றைக் கவனிக்க வேண்டும். முளைக்கீரையை வேரோடு பிடுங்குகிறவர்கள் என்றால் வேர்க்கொத்து வலையில் மாட்டிக் கிழியும். அவர்கள் மண் தூவாமல் வலையை மேலாகவே போட்டு, செடி நாலு விரல் உயரம் வந்ததும் மெதுவாக எடுத்துவிடலாம். அதற்குள் இலை மண்ணை மூடியிருக்கும், பூனைக்கு இடம் இருக்காது. மெல்லிய நைலான் வலையைத் தொளதொளவென்று கட்டுவது மட்டும் வேண்டாம். பாம்பும் குருவியும் மாட்டிக்கொண்டு சாகும்.

செலவே வேண்டாம் என்றால் தென்னை ஈர்க்கு அல்லது சாத்தே (இறைச்சி கோத்துச் சுடும்) குச்சி. ஒரு சாண் நீளத்தில் வெட்டி, மொட்டை நுனி மேலே இருக்கும்படி நெருக்கமாக, உள்ளங்கை அகலத்துக்கு ஒன்றாக நட்டால் பூனை திரும்பி நிற்க இடமிருக்காது. கத்திரி, வெண்டை நாற்றுக்கு இது போதும். கூர் நுனியை மேலே வைக்காதீர்கள், குனிந்து களை எடுக்கும்போது நம் கண்ணைத்தான் முதலில் குத்தும்.

எஸ்டேட் ஊரில் இருப்பவர்களுக்கு இன்னொரு வசதி உண்டு. பழம் உதிர்த்த பிறகு மில்லில் மிஞ்சும் செம்பனை (எண்ணெய்ப் பனை) காலிக் குலையைத் தோட்டங்களில் மரத்தடியில் பரப்புவார்கள். கேட்டு வாங்க முடிந்தால் மிளகாய், கத்திரிச் செடிகளைச் சுற்றிப் பரப்புங்கள். நாரும் முள்ளுமாக இருக்கும், பூனை கால் வைக்காது, மண்ணில் ஈரமும் நிற்கும், மக்கி உரமும் ஆகும். ஒரே அடுக்காக மட்டும் போட வேண்டும். குவித்து வைத்தால் மக்கும் குவியலில் காண்டாமிருக வண்டு முட்டையிட்டு, அடுத்து உங்கள் தென்னங்குருத்தைத் துளைக்கும்.

வலை போட்டும் பூனை வாசலை விட்டுப் போகவில்லை என்றால் நாமே கூப்பிடுகிறோமா என்று பாருங்கள். கறிவேப்பிலைக்கு மீன் கழுவிய தண்ணீர் ஊற்றுவது நம் அம்மாக்கள் காலத்துப் பழக்கம். கறிவேப்பிலை செழிக்கும், பூனையும் வரும். கோழிச்சாண உரத்தை மேலாகத் தூவினாலும் அப்படித்தான், மண்ணுக்குள் கலந்துவிட வேண்டும். குப்பைமேனிச் செடியைப் பிடுங்கினால் அங்கேயே போடாதீர்கள். அதன் வேருக்குப் பூனை கிறங்கிப் புரளும், மலாயில் அதற்குக் கூச்சிங் காலாக் என்றே பேர்.

பாத்தியை மூடினால் பூனை வேறெங்கே போகும்? பக்கத்து வீட்டுப் பூந்தொட்டிக்குப் போகும். அதனால் வலையோடு சேர்த்து ஒரு மணல் மூலை வைப்பதைத்தான் நான் முழு வழி என்று சொல்வேன். வீட்டுப் பின்னால் ஆள் நடமாட்டம் இல்லாத மூலையில் பழைய பெரிய தட்டையான தொட்டி, அதில் முக்கால்வாசி ஆற்று மணல், மேலே மழைக்கு ஒரு துண்டுத் தகரம். காய்ந்த மணல் கிடைத்தால் பூனை ஈரப் பாத்தியைத் தேடாது. தினம் அள்ள வேண்டும், அழுக்கான மணலை அது சீண்டாது.

அள்ளும் வேலையைப் பங்கு போடலாம். எங்கள் தெருவில் பூனைகளுக்குச் சோறு வைக்கும் அக்காவிடம் சண்டைக்குப் போகாமல் கேட்டேன். "அக்கா, உங்க பூனைங்களுக்குன்னு பின்னால மணல் தொட்டி வைக்கிறேன், காலையில நீங்க அள்ளிடுறீங்களா?" "வைம்மா, மணல் மூட்டை நான் வாங்கித் தர்றேன். அதுங்க இருக்கிறதாலதானே எலி இல்ல" என்றார். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. எலி மூத்திரக் காய்ச்சல் உள்ள நாட்டில், செம்பனைக் காட்டை ஒட்டி வாழும் நாம் பூனையை எதிரியாக நினைக்க வேண்டியதில்லை.

நாய் வளர்த்தால் பூனை வராதே என்பவர்கள் உண்டு. வராதுதான். ஆனால் பாத்தியை அந்த நாயே தோண்டும். அதைவிடப் பயனுள்ளது கருத்தடை. பெண் பூனை ஐந்து மாத வயதுக்குள்ளேயே சினையாகலாம், ஒன்பது வாரத்தில் குட்டி போடும், ஒரு வருஷத்தில் தெருவே நிறைந்துவிடும். ஆண் பூனைக்குச் செய்தால் சுவரிலும் கேட்டிலும் மூத்திரம் பீய்ச்சுவது பெரும்பாலும் அடங்கும். செலவைத் தெருக்காரர்கள் பகிர்ந்துகொள்ளலாம். மாவட்டக் கால்நடை இலாகாவில் குறைந்த கட்டணத்துக்கு வழி இருக்கிறதா என்று முதலில் கேட்டுப் பார்த்துவிட்டு, பிறகு தனியார் கிளினிக்குக்குப் போங்கள்.