5-எச்.டி.பி. கேப்சூல்: டப்பா சொல்வதும் சொல்லாததும்

கிரிஃபோனியா என்ற ஆப்பிரிக்கச் செடியின் விதையிலிருந்து எடுக்கப்படும் 5-எச்.டி.பி., உடல் செரட்டோனினாக (மனநிலையோடு தொடர்புள்ள, நரம்புகளின் செய்தி கடத்தும் வேதிப்பொருள்) மாற்றிக்கொள்ளும் மூலப்பொருள். இதன் கேப்சூல் பெரும்பாலும் 50, 100 மி.கி. அளவுகளில் வருகிறது. 'மூளைக்கு செரட்டோனின்' என்று டப்பாவில் போட்டிருப்பது பாதி உண்மை. ரத்தத்திலிருந்து மூளைக்குள் போவதை வடிகட்டும் ரத்த-மூளைத் தடுப்பைச் செரட்டோனின் தாண்டாது, 5-எச்.டி.பி. தாண்டும். ஆனால் அதைச் செரட்டோனினாக மாற்றும் நொதி குடல், கல்லீரல், சிறுநீரகத்திலும் இருக்கிறது. மூளைக்குப் போகும் முன்பே கணிசமான பகுதி மாறிவிடும். உடலின் செரட்டோனினில் சுமார் 90 விழுக்காடு இருப்பதே குடலில்தான். லேபிள் இதைப் பற்றி மூச்சுவிடுவதில்லை.

குமட்டல்தான் இதன் பெரிய குறை. அதற்கு முக்கியக் காரணம் குடல் நரம்புகளில் உள்ள 5-எச்.டி.3 ஏற்பிகளை, அதாவது செரட்டோனின் ஒட்டும் இடங்களை, அங்கே உருவாகும் செரட்டோனின் தூண்டுவது (வாந்தியை நிறுத்தும் ஆன்டன்செட்ரான் அடைப்பதும் இவற்றைத்தான்). 100-க்குப் பதில் 50 மி.கி.யில், சாப்பாட்டோடு தொடங்கினால் வயிறு ஓரளவு பொறுக்கும். வைட்டமின் பி6 சேர்த்த வகையில் பெரிய லாபம் தெரியவில்லை: செரட்டோனினாக மாற்றும் அந்த நொதி வேலை செய்யத் தேவையான துணைக்காரணியே பி6, அது குடலிலும்தானே உதவும்!

மனச்சோர்வு மருந்துகளான ஃப்ளூவாக்செடின், செர்ட்ராலின், வலிநிவாரணி டிரமடால், ஆன்டிபயாட்டிக் லினெசோலிட் எடுப்பவர்கள் இதைத் தொடவே வேண்டாம். செரட்டோனின் மிகுந்து நடுக்கம், வியர்வை, தசைத் துடிப்பு, காய்ச்சல் என்று போனால் அது அவசர சிகிச்சைக்குரிய நிலை. ஃப்ளூவாக்செடினை நிறுத்திய பிறகும் அதன் தாக்கம் சுமார் 5 வாரம் உடலில் நிற்கும்.