குதிரை டிரெய்லர் வாங்கப் போகிறீர்களா? 1,85,000 ரூபாயைப் பறிகொடுத்தவன் எழுதுகிறேன்

கோபம் ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன். பழைய குதிரை டிரெய்லர் ஒன்றுக்கு 1,85,000 ரூபாய் கொடுத்தேன். இன்றைக்கு அது எங்கள் வீட்டு முகப்பில் தரையில்லாமல் நிற்கிறது. பணம் போனது ஒரு பக்கம். எங்கள் செவலைப் பெட்டையின் பின்னங்கால் போயிருக்கும், அதுதான் என்னால் தாங்க முடியவில்லை.

ஆள் பெயரோ கடைப் பெயரோ இங்கே போடவில்லை. புகார் கொடுத்திருக்கிறேன், வக்கீல் போட வேண்டாம் என்றார். பழைய வண்டிகளை விற்கவும் வாங்கவும் இருக்கும் ஓர் இணையத்தளத்தில் விளம்பரம் பார்த்தேன். விற்றது கொங்குப் பக்கம் உள்ள ஒரு டிரெய்லர் பட்டறை. இவ்வளவு தெரிந்தால் போதும்.

நாங்கள் காரைக்குடிக்கும் தேவகோட்டைக்கும் நடுவில் ஒரு கிராமம். இந்தப் பக்கம் கோயில் திருவிழா என்றால் மாட்டு வண்டிப் பந்தயமும் குதிரை வண்டிப் பந்தயமும் இல்லாமல் இருக்காது. எங்களிடம் இரண்டு குதிரைகள். செவலையை அந்தியூர்ச் சந்தையில் ஆடி மாதம் வாங்கினோம். பந்தயத்துக்கு மட்டும் இல்லை, செட்டிநாட்டு வீடுகளில் கல்யாணத்துக்கு மாப்பிள்ளை அழைப்பு வந்தாலும் அதுதான் போகும்.

குதிரையைக் கொண்டுபோவது எங்கள் ஊர்களில் எப்படி நடக்கிறது என்று உங்களுக்குத் தெரியும். குட்டியானை லாரியை ஒரு மேட்டு ஓரமாகப் பின்பக்கம் ஒட்டி நிறுத்தி, ஆள் பிடித்து ஏற்றுவோம். மேடு இல்லாத இடத்தில் பலகை போட்டு ஏற்றுவோம். டிரைவர் பிரேக் போட்டால் குதிரை முட்டி போட்டு விழும். லாடம் தகரத்தில் வழுக்கும். போன பங்குனியில் சின்னக் குதிரைக்கு இப்படித்தான் முட்டியில் அடி. அதற்குப் பிறகுதான் சித்தப்பா, "ஒழுங்கா ஒரு டிரெய்லர் வாங்கிருவோம்டா, நம்ம பொலிரோவே இழுக்கும்" என்றார். தாழ்வான தரை, பின்னால் சாய்தளம், நடுவில் தடுப்பு, ரப்பர் விரிப்பு. குதிரை தானாக நடந்து ஏறும். அதற்கு ஆசைப்படுவதில் ஒரு தப்பும் இல்லை.

விளம்பரத்தில் நீல வண்ணம், வெள்ளைக் கோடு, பளபளவென்று ஒரு வண்டி. "இரண்டு குதிரைகளுக்கு ஏற்றது, புதிய தரை, புதிய டயர்" என்று போட்டிருந்தார்கள். நானும் சித்தப்பாவும் நேரிலேயே போனோம். படத்தைப் பார்த்துப் பணம் அனுப்புகிற ஆட்கள் இல்லை நாங்கள்.

நாங்கள் நம்பிய இடத்தைச் சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் அடுத்தவரையும் அங்கேதான் பிடிப்பார்கள். பட்டறைக்குப் பின்னால் அந்த ஆளும் ஒரு குதிரை கட்டியிருந்தார். நல்ல கத்தியவாரி இனப் பெட்டை, காது இரண்டும் உள்நோக்கி வளைந்து நுனி முட்டுகிற மாதிரி நின்றது. நாங்கள் டீ குடித்துக்கொண்டிருக்கும்போதே அவர் அதன் காலைத் தூக்கி, குளம்புக்குள் இருந்த மண்ணைக் கொக்கியால் நோண்டி எடுத்து, உள்ளங்குளம்பை அழுத்திப் பார்த்தார். தெரிந்தவர் செய்கிற மாதிரியே செய்தார். குதிரையும் அசையாமல் கொடுத்தது. "குதிரை ஏறுற வண்டியில யாராவது பொய் சொல்லுவாங்களாங்ண்ணா? அந்தப் பாவத்தை எங்க கொண்டு போய்க் கரைக்கறது?" என்றார். சித்தப்பா யாரையும் லேசில் நம்பமாட்டார். அவரே என் பக்கம் திரும்பி, "குதிரையத் தொடத் தெரிஞ்சவன்டா" என்றார். அந்த நிமிஷத்தில்தான் வியாபாரம் முடிந்தது.

ரப்பர் விரிப்பைத் தூக்கிக் காட்டச் சொன்னேன். "பசை போட்டு ஒட்டியிருக்குதுங்ண்ணா, தூக்குனா கிழிஞ்சுரும், புதுசு வேற." கீழே படுத்துப் பார்க்கிறேன் என்றேன். முந்தின நாள் மழையில் வண்டிக்கடியில் சேறாக இருந்தது. "ஜாக்கி வெளிய போயிருக்குது, நாளைக்கு வந்தா தூக்கி வெச்சுக் காட்டறேன், ஆனா இன்னொரு பார்ட்டி காலைல பணத்தோட வர்றாங்க." மூலையில் மட்டும் விரிப்பைக் கொஞ்சம் விலக்கினார். அடியில் புதிதாக அலுமினியத் தகடு மின்னியது. பார்த்தீர்களா, கேட்டதற்கு எல்லாம் அவரிடம் பதில் தயாராக இருந்தது. முன்பணம் 25,000 அங்கேயே போனில் அனுப்பினோம். மீதி 1,60,000 வங்கி வழியாகப் போனது. மொத்தம் 1,85,000. அதில் பாதி சீட்டு எடுத்த பணம், பாதி வீட்டில் நகையை வைத்து வாங்கியது. ஆர்.சி. புத்தகம் "பெயர் மாத்தி தபால்ல வந்துரும்" என்றார். கையில் கொடுத்தது நகல் மட்டும்.

புதுக்கோட்டைப் பக்கம் ஒரு பந்தயத்துக்காகச் செவலையை ஏற்றிக்கொண்டு கிளம்பினோம். அழகாக ஏறியது, பொய் சொல்லக்கூடாது. திருமயம் தாண்டியதும் பின்னால் பைக்கில் வந்த மச்சான் ஹாரனை விடாமல் அடித்தான். நிறுத்தி இறங்கினால், டிரெய்லருக்கு அடியில் குதிரையின் பின்னங்கால் தொங்குகிறது. குளம்பு தார் ரோட்டுக்கு ஒரு சாண் மேலே ஆடிக்கொண்டிருந்தது. தகட்டின் கிழிந்த விளிம்பு தோலை முழங்கணுவிலிருந்து கீழே வரைக்கும் உரித்திருந்தது. மச்சான் பார்க்காமல் இருந்திருந்தால், அந்தக் கால் ரோட்டில் படும் வரைக்கும் நாங்கள் ஓட்டியிருப்போம்.

ரோட்டோரம் நின்ற நாலு பேர் ஓடிவந்து தூக்கிக் கொடுத்து, தகட்டைக் கடப்பாரையால் நெம்பி, காலை வெளியே எடுத்தோம். கால்நடை மருத்துவர் தையல் போட்டு, தனுர்வாத ஊசியும் போட்டார். குதிரைகளுக்குத் தனுர்வாதம் மற்ற கால்நடைகளைவிடச் சீக்கிரம் வரும், துருப்பிடித்த இரும்பில் கிழித்த காயத்தை ஒருநாளும் விடாதீர்கள். எலும்பு தப்பியது. இந்தப் பருவத்தில் இனி ஓடாது.

வீட்டுக்கு வந்து விரிப்பை உரித்தோம். பசை எதுவும் இல்லை, சும்மா போட்டு வைத்திருந்தார்கள். மேலே மெல்லிசான அலுமினியத் தகடு, ரிவெட் அடித்திருந்தது. அதற்கு அடியில் பழைய பிளைவுட், ஊறிப்போன வறட்டி போலக் கையில் பிய்ந்து வந்தது. குதிரை மூத்திரம் ரப்பருக்கு அடியில் இறங்கித் தங்கினால் மரம் உளுத்துப்போகும், அலுமினியத்தையும் அரிக்கும். குதிரை வைத்திருப்பவனுக்கு இது தெரியாதா? அவருக்குத் தெரிந்ததால்தான் தகடு போட்டு மூடியிருக்கிறார். கீழே தரையைத் தாங்குகிற இரும்புக் குறுக்குச் சேனல் இரண்டு இடத்தில் அரித்து ஓட்டையாகி, அதில் ஓட்டை அடைக்கிற புட்டிப் பசையை அப்பி, மேலே கறுப்புப் பெயின்ட் அடித்திருந்தார்கள். நகத்தால் சுரண்டினேன், பெயின்டோடு புட்டியும் பெயர்ந்து விழுந்தது. உள்ளே இரும்பே இல்லை. ஏறக்குறைய 350 கிலோ நிற்கிற இடம் அது.

"புதிய டயர்" என்றார்களே, அதையும் பார்த்தோம். டயர் பக்கவாட்டில் ஒரு சின்ன நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும். முதல் இரண்டும் வாரம், அடுத்த இரண்டும் வருஷம். எங்களுடையதில் 1114. அதாவது 2014-ஆம் வருஷம் பதினோராவது வாரம் செய்த டயர். மேலே கறுப்புப் பாலிஷ். அப்புறம் அந்த "இரண்டு குதிரை". அளந்தால் உள்ளே நீளம் ஆறரை அடி, அகலம் ஐந்து அடி. மொத்தமே மூன்று சதுர மீட்டர். மத்திய மோட்டார் வாகன விதிகளில் ஒரு குதிரைக்கு 2.25 சதுர மீட்டர் இடம் வேண்டும் என்று இருக்கிறது. இரண்டு குதிரைக்கு நாலரை. விளம்பரத்திலேயே பொய்.

அன்று சாயங்காலமே போன் செய்தேன். "ஐயோ, குதிரைக்கு ஒண்ணும் ஆகலையேங்ண்ணா?" என்று அவர் பதறியதைக் கேட்டு எனக்கே மனசு இளகியது. வெல்டிங் ஆளை அனுப்புகிறேன் என்றார். யாரும் வரவில்லை. மறுபடி கேட்டால், "நீங்க ரெண்டு குதிரை ஏத்தியிருப்பீங்க." இரண்டு குதிரை ஏற்றலாம் என்று விளம்பரம் போட்டதே அவர்தான்! அடுத்த தடவை, "அது கமிஷன் வண்டிங்க, ஓனர்கிட்டப் பேசுங்க." ஓனர் யார் என்றால் நம்பர் இல்லையாம். அப்புறம் ஒரு பெண் எடுத்து, "அவரு மாலை போட்டிருக்காரு, பணம் காசு பேசமாட்டாரு" என்றார். என் பணம் வாங்கும்போது மாலை இல்லை. கடைசியில் வாட்ஸாப்பில் நீலக் குறி மட்டும் விழுந்தது. அதற்கப்புறம் அதுவும் இல்லை, என்னைத் தடை செய்துவிட்டார்.

நேரில் போனோம். குதிரையைத் தொட்ட அதே ஆள் கேட்டைத் திறக்காமல் உள்ளே நின்றபடி, "ரசீதைப் படிச்சுப் பாருங்க" என்றார். மீதிப் பணம் முழுக்கப் போன பிறகு எழுதிக் கொடுத்த ரசீது அது. அடியில் பொடி எழுத்தில், "உள்ளது உள்ளபடி விற்கப்பட்டது." மூடி மறைத்ததை உள்ளது என்று எப்படிச் சொல்வது? 1,85,000 ரூபாயில் ஒரு பைசா திருப்பித் தரமாட்டேன், கோர்ட்டில் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். சித்தப்பா அங்கேயே ரோட்டோரம் உட்கார்ந்துவிட்டார். அவர் பேசாமல் வந்த மாதிரி நான் பார்த்ததே இல்லை.

இணையத்தளத்துக்கு எழுதினால் இயந்திரம் பதில் அனுப்புகிறது. விடாமல் எழுதி ஒரு மனுஷர் கிடைத்தார். நாங்கள் விற்பவரையும் வாங்குபவரையும் சேர்த்து வைப்பவர்கள் மட்டுமே, பணம் எங்கள் வழியாக வரவில்லை, வணக்கம் என்று முடித்துக்கொண்டார். புகாரை முடித்துவிட்டதாகச் செய்தி வந்தது. யார் முடித்தது, எதை முடித்தது? இதைவிடக் கொடுமை, என் வீட்டில் நிற்கிற டிரெய்லரின் அதே படங்களோடு விளம்பரம் இன்னும் ஓடுகிறது. விலை மட்டும் 1,95,000 ஆகியிருக்கிறது. ஆக, இன்னொரு வண்டியை இதே படத்தைக் காட்டி விற்கப் போகிறார்கள்.

போலீசில் புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்கியிருக்கிறேன். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-லும் பதிவு செய்தாயிற்று. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் குடியிருக்கிற மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், அவன் ஊருக்கு அலைய வேண்டியதில்லை. 5 லட்சம் வரைக்குமான பொருளுக்குக் கட்டணமும் இல்லை. இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். சிவகங்கையில் போடுகிறோம்.

டிரெய்லர் எப்படிப் பார்த்து வாங்குவது என்று விரிவாக எழுதத்தான் நினைத்தேன். குதிரைக்குக் கட்டு மாற்றுகிற நேரம் ஆகிவிட்டது, அதனால் முக்கியமானதை மட்டும் சொல்கிறேன். விரிப்பை முழுக்கத் தூக்காமல் ஒரு ரூபாய் கொடுக்காதீர்கள். கிழிந்துவிடும் என்றால் கிழியட்டும், நான் காசு தருகிறேன் என்று சொல்லுங்கள். அடியில் படுத்து ஸ்குரூ டிரைவரால் மரத்தையும் சேனலையும் குத்திப் பாருங்கள், உள்ளே இறங்கினால் எழுந்து வந்துவிடுங்கள். தரைக்கு மேல் புதுத் தகடு அடித்திருந்தாலே சந்தேகப்படுங்கள். டயரில் நான்கு இலக்கத்தைப் படியுங்கள், இணைப்புக் கொக்கிக்குப் பாதுகாப்புச் சங்கிலி இருக்கிறதா பாருங்கள். அசல் ஆர்.சி.யில் உள்ள சேஸிஸ் எண் வண்டியில் உள்ளதோடு ஒத்துப்போக வேண்டும். நகல் காட்டினால் வேண்டாம். எனக்கு இன்னும் அசல் வரவில்லை, அந்த எண் பொருந்துகிறதா என்பதே இப்போது வக்கீல் கையில்.

இதே மாதிரி நீல டிரெய்லரை வாங்கியவர்கள், வாங்கப் பேசிக்கொண்டிருப்பவர்கள் யாராவது இருந்தால் உடனே எனக்குத் தனிச் செய்தி அனுப்புங்கள். முன்பணம் மட்டும் கொடுத்திருந்தால் மீதியை அனுப்பாதீர்கள். ஒரே ஆள் மேல் இரண்டு மூன்று புகார் சேர்ந்தால் வழக்குக்கு வலு என்று வக்கீல் சொல்கிறார். உங்கள் ரசீது, பணம் போனதற்கான வங்கிப் பதிவு, விளம்பரத்தின் படம் மூன்றையும் இன்றே எடுத்து வையுங்கள், விளம்பரத்தை அவர்கள் எப்போது வேண்டுமானாலும் தூக்கிவிடுவார்கள்.