முலாம் பட்டறை: பம்பர் மினுங்குகிறது, கழிவுநீர் எங்கே போகிறது?

யாழ்ப்பாண நகரை அண்டிய சிறிய பட்டறையொன்றில் எங்கள் பழைய மொறிஸ் மைனர் காரின் பம்பருக்குக் குரோம் முலாம் பூசுவித்தோம். பழைய பூச்சை முழுமையாகக் கழற்றி, உப்புக்காற்று அரித்த குழிகளைத் தேய்த்துச் சமப்படுத்திய பின்னரே செம்பு, நிக்கல், குரோம் என வரிசையாக மின்சாரத்தின் மூலம் முலாமிட்டார்கள். அலங்காரக் குரோம் பெரும்பாலும் 1 மைக்ரோனுக்கும் (மில்லிமீற்றரின் ஆயிரத்தில் ஒரு பங்கு) குறைந்த தடிப்புடையது என்பதால், துருவைத் தடுப்பது உண்மையில் அடியிலுள்ள நிக்கலே. அதில் இவர்கள் கஞ்சத்தனம் காட்டவில்லை. உள்மடிப்புகளில் மட்டும் பூச்சு மங்கல். குழிவான இடங்களுக்கு மின்னோட்டம் குறைவாகவே சென்றடைவதால் இது எதிர்பார்க்கத்தக்கதே. கூலி சற்று அதிகம், தவணையும் பிந்தியது.

கழுவிய நீரை எங்கே விடுகிறீர்கள் என்று கேட்டதற்குத் தெளிவான பதில் கிடைக்கவில்லை. குரோம் தொட்டிகளில் வழமையாகப் பயன்படும் அறுவலுவளவுக் குரோமியம் (hexavalent chromium எனப்படும் குரோமிய வடிவம்) கொடிய நஞ்சு. சுண்ணாம்புக்கல் வெடிப்புகளூடாக எதுவும் விரைவில் கிணற்றுக்கு இறங்கிவிடும் இக்குடாநாட்டில், அந்தப் பதிலைப் பெறாமல் பின்பக்கப் பம்பரைக் கொடுப்பதாக இல்லை.