கோபிக்குப் பெரிய சம்பளம், டங்கனுக்குப் பாதி: எது சரி?

2013 ஏப்ரலில் குதிகால் தசைநார் அறுந்த பிறகும் அமெரிக்கக் கூடைப்பந்து வீரர் கோபி பிரையன்ட் நடந்தே போய், தனக்குக் கிடைத்த இரண்டு ஃப்ரீ த்ரோவையும் (தடையில்லாமல் எறியும் வாய்ப்பு) கூடைக்குள் போட்டார். அப்படிப்பட்டவரிடம் பேரம் பேச யாருக்கு மனசு வரும்? அதே நவம்பரில், அவர் களம் திரும்பும் முன்பே, அவருடைய அணியான லேக்கர்ஸ் 2 ஆண்டுக்கு 4.85 கோடி டாலர் ஒப்பந்த நீட்டிப்பு கொடுத்துவிட்டது.

அங்கேதான் சிக்கல். 2014-15 சீசனில் ஓர் அணியின் எல்லா வீரர்களுக்கும் சேர்த்துச் சம்பள வரம்பு சுமார் 6.3 கோடி டாலர். அதில் கோபிக்கு மட்டும் 2.35 கோடி. மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஒருவருக்கே போனால், மற்ற வீரர்களை எதை வைத்துப் பிடிப்பது? அந்த சீசனில் அவர் ஆடியது 35 ஆட்டம். அணிக்கு 21 வெற்றி. அடுத்த சீசனில் 17தான்.

சான் அன்டோனியோ ஸ்பர்ஸ் அணியின் நட்சத்திரம் டிம் டங்கன் 2012இல், முன்பு வாங்கியதில் பாதிக்கும் குறைந்த சம்பளத்துக்குச் சம்மதித்தார். சக வீரர்கள் டேனி கிரீன், போரிஸ் டியாவ் இருவரையும் ஸ்பர்ஸ் தக்கவைத்துக்கொண்டது. 2014இல் கோப்பை, டங்கனுக்கு அப்போது 38 வயது.

கோபியால் அரங்கம் நிறைந்தது உண்மை. 2016 ஏப்ரலில் கடைசி ஆட்டத்தில் 60 புள்ளி எடுத்ததை எந்த ரசிகரும் மறக்க மாட்டார். ஆனாலும் என் ஓட்டு ஸ்பர்ஸ் வழிக்கே. லேக்கர்ஸ் செய்த தவறில் தொகையைவிட அவசரம் பெரிது. கோபியின் பழைய ஒப்பந்தம் 2014 கோடை வரை இருந்தது. 2013 டிசம்பரில் களம் திரும்பியவருக்கு 6 ஆட்டத்திலேயே முழங்கால் எலும்பு முறிந்தது. சீசன் முடியும் வரை பொறுத்திருந்தால், மரியாதை குறையாமல் தொகையைக் குறைத்துப் பேசியிருக்கலாம்.